பத்து உதிரிகள், ஒரு துடிப்பு

எல்இடி ஒன்றைப் பேட்டரியோடு இணைத்தால் எரியும், கழற்றினால் அணையும். யாரும் தொடாமலே அது எரிவதும் அணைவதுமாக இருக்க வேண்டுமானால், அந்தச் சுற்றுக்குள் ஏதோ ஒன்று காத்திருக்க வேண்டும். அரை நொடியோ ஒரு நொடியோ பொறுத்திருந்து, நேரம் ஆனதும் நிலையை மாற்ற வேண்டும். மாற்றியபின் மறுபடி காத்திருக்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கற்க வருகிறவர்களுக்கு மினுக்கும் விளக்கை முதல் பயிற்சியாகத் தருவது வழக்கம். செய்வது எளிது, பார்க்க அழகு என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று தெரிகிறது. நேரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் சுற்றுகளில், கையால் தொட்டுக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குச் சிறியது இது.

தேவைப்படும் உதிரிகள் பத்து. பிசி 547 டிரான்சிஸ்டர், சிவப்பு எல்இடி, 470 ஓம் ரெசிஸ்டர், 47 கிலோ ஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்: ஒவ்வொன்றிலும் இரண்டு. கெப்பாசிட்டர் 16 வோல்ட்டோ 25 வோல்ட்டோ தாங்குவதாக இருக்கட்டும். இவற்றோடு ஒரு 9 வோல்ட் பேட்டரி, அதன் தலையில் மாட்டும் கிளிப், ஒரு பிரெட்போர்டு, கொஞ்சம் ஒற்றைக்கம்பி ஒயர். சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போனால் ஒரே கடையில் எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்களில் டிவி பழுது பார்ப்பவர்கள் எங்கே உதிரி வாங்குகிறார்கள் என்று விசாரித்தால் போதும். சால்டரிங் அயர்ன் இப்போதைக்கு வேண்டாம்.

இந்தப் பத்தில் எதற்கும் நேரம் தெரியாது. கடிகாரத்தில் இருப்பது போன்ற குவார்ட்ஸ் படிகம் இல்லை, எண்ணிச் சொல்லும் சிப் இல்லை. சேர்த்துப் பிணைத்த பிறகுதான் துடிப்பு பிறக்கிறது. எங்கிருந்து பிறக்கிறது என்று பார்க்க ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் எல்இடி. இதை நேராக 9 வோல்ட் பேட்டரியில் மாட்டிவிடக் கூடாது. சிவப்பு எல்இடி சுமார் 1.8 வோல்ட்டுக்குக் கீழே மின்னோட்டமே வேண்டாம் என்பதுபோல் இருக்கும். அதைத் தாண்டிவிட்டால், ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு கூடினாலே மின்னோட்டம் பல மடங்கு எகிறும். கட்டுப்படுத்த ஆளில்லாவிட்டால் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து கருகிவிடும். ஆகவே தொடரிணைப்பில் ஒரு ரெசிஸ்டர். கணக்கு எளிது. 9 வோல்ட்டில் ஏறக்குறைய 2 வோல்ட்டை எல்இடி எடுத்துக்கொள்கிறது, மீதி 7 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழுகிறது, 7ஐ 470ஆல் வகுத்தால் சுமார் 15 மில்லி ஆம்பியர். வழக்கமான 5 மில்லிமீட்டர் எல்இடி 20 மில்லி ஆம்பியர் வரை சிரமமில்லாமல் தாங்கும்.

அந்த 2 வோல்ட்டைச் சும்மா தாண்டிப் போக எனக்கு மனமில்லை. எல்இடிக்குள் எலக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் மட்டத்திலிருந்து கீழே இறங்கும்போது, இழந்த ஆற்றல் ஒளித்துகளாக வெளியேறுகிறது. சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட், நீலத்துக்கு 2.7க்கும் மேல். அதனால்தான் சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போதுமாக இருக்க, நீலமும் வெள்ளையும் 3 வோல்ட் கேட்கின்றன. எரிந்துகொண்டிருக்கும் எல்இடியின் இரு கால்களிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஒளித்துகளின் ஆற்றலைத் தோராயமாக அளந்துவிட்டீர்கள். நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியைச் செய்து காட்டியது 1962இல். பளிச்சென்ற நீலத்துக்கு உலகம் 1990கள் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

அடுத்தது டிரான்சிஸ்டர். இந்தச் சுற்றில் அதற்கு ஸ்விட்ச் வேலை. பிசி 547இன் தட்டையான முகம் நம்மைப் பார்த்து, கால்கள் கீழ்நோக்கி இருந்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டரைவிடப் பேஸ் சுமார் 0.65 வோல்ட் உயர்ந்ததும் பேஸுக்குள் ஒரு சிறு மின்னோட்டம் நுழைகிறது. அதைப்போல் நூறு மடங்கோ அதற்கும் மேலோ கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பாய வழி திறக்கிறது. பேஸ் 0.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கதவு சாத்தியிருக்கும். பேஸ் பூஜ்யத்துக்கும் கீழே போனால்? இன்னும் இறுக்கமாகச் சாத்தியிருக்கும். நாம் செய்யப்போகும் சுற்றின் உயிர்நாடி இந்தக் கடைசி விஷயத்தில்தான் இருக்கிறது.

இனி இணைப்பு. பேட்டரியின் நேர்முனையிலிருந்து 470 ஓம், அதிலிருந்து எல்இடியின் நீண்ட கால், எல்இடியின் குட்டைக் காலிலிருந்து டிரான்சிஸ்டரின் கலெக்டர், எமிட்டரிலிருந்து பேட்டரியின் எதிர்முனை. இதுபோல் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டு பேஸ்களுக்கும் நேர்முனையிலிருந்து ஆளுக்கொரு 47 கிலோ ஓம். கடைசியாகக் கெப்பாசிட்டர்கள், குறுக்காக. இடது கலெக்டரிலிருந்து வலது பேஸுக்கு ஒன்று, வலது கலெக்டரிலிருந்து இடது பேஸுக்கு ஒன்று. கெப்பாசிட்டரின் உடம்பில் பட்டையாகக் கோடு போட்ட பக்கம் எதிர்முனை. அது பேஸைப் பார்க்க வேண்டும்.

கெப்பாசிட்டர்கள் இல்லாமல் சுற்றை ஓட்டினால் என்ன ஆகும்? இரண்டு பேஸ்களுக்கும் 47 கிலோ ஓம் வழியாக மின்னோட்டம் வருகிறது, இரண்டு டிரான்சிஸ்டர்களும் திறக்கின்றன, இரண்டு விளக்குகளும் அசையாமல் எரிகின்றன. செய்து பார்க்க வேண்டிய முதல் கட்டம் இதுதான். இவ்வளவும் ஒழுங்காக எரிகிறது என்று தெரிந்துகொண்டு அதன் பிறகு கெப்பாசிட்டர்களைச் செருகினால், தேடும் வேலை பாதியாகக் குறையும்.

இப்போது இரண்டும் செருகியாயிற்று. ஒரு குறிப்பிட்ட கணத்தை நிறுத்திப் பார்ப்போம். இடது டிரான்சிஸ்டர் திறந்திருக்கிறது, இடது விளக்கு எரிகிறது. வலது டிரான்சிஸ்டர் மூடியிருக்கிறது. மூடியிருப்பதால் வலது கலெக்டர், எல்இடிக்கான பங்கு போக, சுமார் 7 வோல்ட்டில் நிற்கிறது. அதில் மாட்டியிருக்கும் கெப்பாசிட்டரின் நேர்முனை 7 வோல்ட். அதன் எதிர்முனை இடது பேஸில், 0.65 வோல்ட்டில். ஆகக் கெப்பாசிட்டருக்குள் 6 வோல்ட்டுக்குச் சற்று மேல் தேங்கி நிற்கிறது.

இந்த நேரத்தில் வலது டிரான்சிஸ்டர் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது கலெக்டர் 7 வோல்ட்டிலிருந்து சடாரென்று பூஜ்யத்தின் பக்கத்தில் விழுகிறது. கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னேற்றம் கண நேரத்தில் மாறாது. ஒரு முனை எவ்வளவு இறங்குகிறதோ மறுமுனையும் அவ்வளவு இறங்கியாக வேண்டும். 0.65இல் இருந்த இடது பேஸ் ஏறத்தாழ மைனஸ் 6 வோல்ட்டுக்குத் தள்ளப்படுகிறது. 9 வோல்ட் பேட்டரி ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லாத சுற்றில், பூஜ்யத்துக்கும் கீழே ஆறு வோல்ட் இறங்கிய ஓர் இடம்! ஆஸிலோஸ்கோப் வைத்திருப்பவர்கள் பேஸில் அதன் முனையை வைத்துப் பார்க்க வேண்டும். மேலே ஏறும் வளைகோடு, செங்குத்தான வீழ்ச்சி, மறுபடி வளைகோடு. அந்தக் கோட்டின் பெரும்பகுதி பூஜ்யத்துக்குக் கீழேதான் கிடக்கும்.

இடது டிரான்சிஸ்டர் இப்போது மூடிவிட்டது. ஆனால் அதன் 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் சும்மா இருக்கவில்லை. பேட்டரியிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தொடர்ந்து அனுப்பி, பள்ளத்தில் கிடக்கும் பேஸை மேலே தூக்குகிறது. மைனஸ் 6, மைனஸ் 5, மைனஸ் 3... பூஜ்யம் தாண்டி 0.6ஐ எட்டியதும் இடது டிரான்சிஸ்டர் திறக்கிறது. திறந்த அதே நொடியில் அதன் கலெக்டர் விழுகிறது, எதிர்ப் பக்கத்துப் பேஸ் மைனஸ் ஆறுக்குப் போகிறது, வலது விளக்கு அணைகிறது. இப்போது காத்திருக்கும் முறை வலது பக்கத்துக்கு.

பழைய இந்தியாவில் நாழிகை பார்க்க, அடியில் சிறு துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்க விடுவார்கள். நீர் கசிந்து கசிந்து உள்ளே ஏறும். கிண்ணம் பாட்டுக்கு மிதந்துகொண்டிருக்கும். நிரம்பியதும் ஒரே மூச்சில் மூழ்கும். அதற்குள் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், ஆகியிருக்கும். துளையின் அளவும் கிண்ணத்தின் அளவும் சேர்ந்து நேரத்தைத் தீர்மானித்தன. நம் சுற்றில் துளையின் இடத்தில் ரெசிஸ்டர், கிண்ணத்தின் இடத்தில் கெப்பாசிட்டர். ஒரே வேறுபாடு, மூழ்கிய கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்கவிட அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே ஒரு கிண்ணம் மூழ்கும் வேகமே மற்றதைக் கவிழ்த்து மிதக்கவிடுகிறது.

எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதற்குச் சூத்திரம் மிகச் சின்னது: 0.7 பெருக்கல் மின்தடை பெருக்கல் மின்தேக்குத்திறன். 47,000 ஓமையும் ஒரு ஃபாரட்டின் லட்சத்தில் ஒரு பங்கான 10 மைக்ரோ ஃபாரட்டையும் பெருக்கினால் 0.47, அதை 0.7ஆல் பெருக்கினால் 0.33 நொடி. ஒவ்வொரு விளக்கும் மூன்றில் ஒரு நொடி எரியும், மூன்றில் ஒரு நொடி அணைந்திருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 90 தடவை. மாடிப்படி ஏறி வந்தவரின் நாடித் துடிப்பு ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் இருக்கும்.

அந்த 0.7 எங்கிருந்து வந்தது? துல்லியமாகச் சொன்னால் அது 0.693, இரண்டின் இயல் மடக்கை. கதிரியக்கத்தில் அரை ஆயுள் கணக்கிட்டவர்களுக்கு இந்த எண் பழக்கமானது. எல்இடியின் பங்கை மறந்துவிட்டு ஏட்டுக் கணக்காகப் பார்த்தால், பேஸ் மைனஸ் 9இலிருந்து கிளம்பி ப்ளஸ் 9ஐ நோக்கிப் போகிறது. போகப் போக வேகம் குறைகிறது; இன்னும் கடக்க வேண்டிய தூரம் எவ்வளவோ அதற்கேற்ற வேகம்தான் எப்போதும். யுரேனியம் தேய்வதும் இந்த விதிப்படிதான், எஞ்சியிருப்பதற்கு ஏற்ற வேகத்தில். பேஸ் பூஜ்யத்தை எட்டும்போது பாதி வழி கடந்திருக்கும், அங்கேயே டிரான்சிஸ்டர் திறந்து பயணம் முறிந்துவிடும். ஆக நம் விளக்கு ஒவ்வொரு தடவை காத்திருப்பதும் ஓர் அரை ஆயுள்.

இதனால் ஒரு நல்ல பலன் கிடைக்கிறது. பேட்டரி தளர்ந்து 9 வோல்ட் 7 ஆனால், தொடக்கமும் இலக்கும் சேர்ந்தே சுருங்குகின்றன, பாதி வழி பாதி வழியாகவே இருக்கிறது. வெளிச்சம் மங்கும், மினுக்கும் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நடைமுறையில் எல்இடி தன் பங்கை எடுத்துக்கொள்வதால் பயணம் மைனஸ் ஆறுக்குப் பக்கத்தில் தொடங்கி, கணக்கைவிடக் கொஞ்சம் சீக்கிரமே முடியும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களும் எழுதியிருக்கும் அளவிலிருந்து 20 சதவீதம் வரை கூடக் குறைய இருப்பது சகஜம். கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. பிரெட்போர்டில் நடுப்பள்ளத்துக்கு இருபுறமும் ஐந்து ஐந்து துளைகள் கொண்ட வரிசைகள். ஒரு வரிசையின் ஐந்தும் உள்ளுக்குள் ஒன்றாக இணைந்தவை. டிரான்சிஸ்டரின் மூன்று கால்களும் மூன்று வெவ்வேறு வரிசைகளில் இறங்க வேண்டும். ஒரே வரிசையில் இறக்கினால் மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டதாகிவிடும். ஓரங்களில் நீளவாக்கில் ஓடும் பேட்டரி வரிசைகள் சில போர்டுகளில் பாதியில் அறுந்து மறுபடி தொடங்கும். அச்சடித்த சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் விட்டுப்போயிருந்தால் அங்கே ஒயர் போட்டு இணைக்க வேண்டும்.

ரெசிஸ்டர்களில் ஒரு சிக்கல் உண்டு. 470 ஓமின் நிறங்கள் மஞ்சள், ஊதா, பழுப்பு. 47 கிலோ ஓமின் நிறங்கள் மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. மூன்றாவது வளையம் மட்டுமே வேறு. குண்டு பல்பு வெளிச்சத்தில் பழுப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலவே தெரியும். இடம் மாறினால் எல்இடி வழியாகப் போகும் மின்னோட்டம் நூறில் ஒன்றாகிவிடும், விளக்குகள் மினுக்கமே தெரியாமல் மங்கலாகக் கிடக்கும். செருகும் முன் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்துவிடுவது நல்ல பழக்கம்.

இரண்டு விளக்குகளும் அசையாமல் பளிச்சென்று எரிந்தால், கெப்பாசிட்டர்களில் ஒன்றாவது சரியாகத் தொடவில்லை. ஒன்று எரிந்து, மற்றது எப்போதும் இருட்டாக இருந்தால், இருட்டுப் பக்கத்து எல்இடியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பிறகு அந்தப் பக்கத்து 47 கிலோ ஓமின் கால் உண்மையில் பேஸ் வரிசையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் 12 வோல்ட் அடாப்டர் கிடக்கிறதே என்று அதை மட்டும் மாட்ட வேண்டாம். பிசி 547இன் பேஸ் தலைகீழாகத் தாங்குவது 6 வோல்ட் அளவுக்குத்தான். 9 வோல்ட் பேட்டரியிலேயே அந்த எல்லையின் பக்கத்தில் வந்து நிற்கிறோம்.

மெதுவாக மினுக்க வேண்டும் என்றால் பெரும்பாலானோர் செய்வது 47 கிலோ ஓமை எடுத்துவிட்டு 1 மெகா ஓம் போடுவது. சூத்திரப்படி சரிதான். ஆனால் அந்த ரெசிஸ்டருக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. காத்திருக்கும்போது பேஸைப் பள்ளத்திலிருந்து தூக்குவது ஒன்று, திறந்த பிறகு பேஸுக்குத் தீனி போடுவது இன்னொன்று. 47 கிலோ ஓம் வழியாக 0.18 மில்லி ஆம்பியர் வருகிறது. டிரான்சிஸ்டர் அதை நூறு மடங்கு பெருக்கினாலும் எல்இடிக்கு வேண்டிய 15 மில்லி ஆம்பியர் தேறிவிடும். 1 மெகா ஓம் வழியாக வருவது அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கதவு அரைகுறையாகத் திறக்கும், விளக்கு சோகையாக எரியும், சில சமயம் மினுக்கமே நின்றுபோகும். ரெசிஸ்டரை விட்டுவிட்டுக் கெப்பாசிட்டரை 100 மைக்ரோ ஃபாரட்டாக மாற்றுங்கள். ஒவ்வொரு விளக்கும் மூன்று நொடிக்கு மேல் நின்று எரியும்.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. இடமும் வலமும் ஒன்றுபோலவே இருக்கும்போது, பேட்டரியை மாட்டியதும் எந்தப் பக்கம் முதலில் திறக்கும்? இரண்டும் சேர்ந்து திறந்து, சேர்ந்தே நின்றுவிட்டால் என்ன? காகிதத்தில் அப்படி நிற்கலாம். கடையில் வாங்கிய இரண்டு பிசி 547கள் ஒருபோதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று மற்றதைவிட இம்மியளவு முந்தும். முந்தியதன் கலெக்டர் சற்று இறங்கும். அந்த இறக்கம் எதிர்ப் பக்கத்துப் பேஸை அமுக்கும். அமுங்கிய பக்கத்தின் கலெக்டர் உயர்ந்து முந்தியதை இன்னும் ஊக்கும். கண்ணிமைப்பதற்குள் இம்மியளவு வேறுபாடு முழு வேறுபாடாகிவிடுகிறது. மின்னழுத்தத்தைப் பூஜ்யத்திலிருந்து மிக மெதுவாக ஏற்றினால் மட்டும் இரண்டும் சேர்ந்து திறந்து உறைந்துபோக வாய்ப்புண்டு. பேட்டரியைக் கழற்றிச் சட்டென்று மாட்டினால் சரியாகிவிடும்.

இந்தச் சுற்றின் வயது நூறைத் தாண்டிவிட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சில் ஆன்ரி ஆப்ரஹாம், யூஜீன் பிளாக் என்ற இரு இயற்பியலாளர்கள் இரண்டு ரேடியோ வால்வுகளை இப்படிக் குறுக்காகப் பிணைத்தார்கள். ஆய்வை 1919இல் வெளியிட்டார்கள். சடாரென்று ஏறி இறங்கும் இதன் அலையில் அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள் ஏராளமாக இருக்கும். அவற்றை அளவுகோலாக வைத்து ரேடியோ அலைகளின் அதிர்வெண்ணை அளக்க முடிந்தது. மல்டிவைப்ரேட்டர் என்ற பெயர் அப்போது வந்ததுதான். இருவரும் யூதர்கள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் இருவரையும் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். ஆப்ரஹாம் 1943இலும் பிளாக் 1944இலும் உயிரிழந்தார்கள். பாடப்புத்தகங்களில் சுற்றின் படம் இருக்கிறது, அவர்கள் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்திருக்க வேண்டும்.

அதே காலத்தில், 1918இல், பிரிட்டனில் எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இருவர் இதன் உடன்பிறப்பு ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டார்கள். நம் பிரெட்போர்டிலேயே அதைச் செய்துவிடலாம். கெப்பாசிட்டர்கள் இரண்டையும் 47 கிலோ ஓம் இரண்டையும் எடுத்துவிட்டு, கெப்பாசிட்டர் இருந்த இடங்களில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைச் செருகுங்கள். துடிப்பு நின்றுவிடும். ஒரு விளக்கு பளிச்சென்று எரியும், மற்றது மங்கிக் கிடக்கும். எரியும் பக்கத்துப் பேஸை ஒரு ஒயரால் எதிர்முனையில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். வெளிச்சம் அடுத்த பக்கத்துக்குத் தாவி அங்கேயே தங்கிவிடும். கடைசியாக எந்தப் பக்கத்தைத் தொட்டோம் என்பதைச் சுற்று நினைவில் வைத்திருக்கிறது. கணினியின் ஒரு பிட் நினைவகம் இது. கெப்பாசிட்டர் இருந்தால் காலம், அதை எடுத்துவிட்டால் ஞாபகம்: நான்கு உதிரிகளை மாற்றியதில் கிடைத்த இந்த வேறுபாடு என்னை ஒவ்வொரு தடவையும் வியக்க வைக்கிறது.

மெதுவாகத் தேங்கி, எல்லை வந்ததும் சட்டென்று விடுவித்து, மறுபடி தேங்கும் இவ்வகைத் துடிப்புகளை 1926இல் கணிதத்தில் அடக்கிக் காட்டியவர் டச்சு இயற்பியலாளர் பால்தசார் வான் டெர் பால். அவர் அதோடு நிற்கவில்லை. 1928இல் வான் டெர் மார்க் என்பவரோடு சேர்ந்து, நியான் விளக்குகளாலான துடிப்புச் சுற்றுகளைக் கோத்து, இதயத்துக்கு ஒரு மின் மாதிரி செய்தார். பொருத்தமான மாதிரிதான். இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனோ ஏட்ரியல் கணுவின் செல்கள் மைனஸ் 60 மில்லி வோல்ட் அளவிலிருந்து மெல்ல மெல்ல ஏறி, மைனஸ் 40 அளவை எட்டியதும் ஒரே எழும்பாக எழும்பி, மறுபடி பள்ளத்துக்குத் திரும்புகின்றன. பேஸின் பயணத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ரெசிஸ்டரின் வேலையை இங்கே செல்சவ்வின் வழியாகக் கசியும் அயனிகள் செய்கின்றன.

பயிற்சிச் சுற்றுகளை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் சொல்வது மினியாபோலிஸில் நடந்ததைத்தான். 1957 அக்டோபர் 31 அன்று அங்கே மின்வெட்டு ஏற்பட்டது. அந்த நாள் பேஸ்மேக்கர்கள் பெரிய பெட்டிகள், சுவர்ப் பிளக்கிலிருந்து மின்சாரம் எடுப்பவை. மின்சாரம் போனால் நோயாளியின் இதயத்துக்குத் துணை போய்விடும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் இதய அறுவை மருத்துவர் வால்டன் லில்லிஹை, மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்த்துவந்த பொறியாளர் ஏர்ல் பாக்கெனிடம் பேட்டரியில் ஓடும் பேஸ்மேக்கர் கேட்டார். பாக்கென் எடுத்தது, பொழுதுபோக்குக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்கள் படிக்கும் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழில் வந்திருந்த ஒரு மெட்ரோனோம் சுற்றை. இசை பயில்பவர்களுக்குத் தாளம் தட்டிக் கொடுக்கும் அது, இரண்டு டிரான்சிஸ்டர்களால் ஆனது. நம் மினுக்கும் விளக்கின் நெருங்கிய சொந்தம். ஒலிபெருக்கியை எடுத்துவிட்டு, துடிப்பை மின்கம்பி வழியாக இதயத் தசைக்கு அனுப்பினார். உடம்போடு கட்டிக்கொள்ளக்கூடிய சிறு பெட்டி சில வாரங்களில் தயாராகி, குழந்தைகளின் உயிரைக் காத்தது.

இன்று பலர் மினுக்கும் விளக்கை 555 என்ற சிப்பில் தொடங்குகிறார்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் கமென்சிண்ட் 1971இல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்தது. 1972இல் விற்பனைக்கு வந்தது. அதிலும் ஒரு கெப்பாசிட்டர் தேங்குகிறது. பேட்டரி மின்னழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியதும் வடிக்கத் தொடங்கி, மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி நிரப்புகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் மிச்சத் தூரத்தில் பாதி. ஆகவே அதே 0.693. அர்டுவினோ போர்டில் இன்னும் சுலபம். நொடிக்கு 1.6 கோடி துடிப்புகளை எண்ணிப் பார்த்து அது விளக்கை அணைத்துப் போடும், நாம் நான்கைந்து வரிகள் எழுதினால் போதும். இரண்டும் அருமையான கருவிகள். ஆனாலும் முதல் விளக்கைப் பத்து உதிரிகளால் மினுக்கச் செய்யுங்கள் என்றே கேட்டுக்கொள்வேன். சிப்புக்குள் காத்திருப்பு மறைந்திருக்கிறது. இங்கே அதை மல்டிமீட்டரால் தொட்டுப் பார்க்கலாம்.

சுற்று ஓடத் தொடங்கியதும் கலைத்துவிடாதீர்கள். இரண்டு கெப்பாசிட்டர்களுக்கும் பதிலாக 104 என்று எழுதிய செராமிக் கெப்பாசிட்டர்களைப் போடுங்கள். அதன் அளவு 0.1 மைக்ரோ ஃபாரட், முன்பு இருந்ததில் நூறில் ஒன்று. விளக்குகள் நொடிக்கு 150 தடவைக்கு மேல் மினுக்கும், கண்ணுக்கு இரண்டும் நிலையாக எரிவதாகத் தோன்றும். அறையை இருட்டாக்கி, பிரெட்போர்டைக் கையில் பிடித்து வேகமாக வீசிப் பாருங்கள். ஒளி கோடாக நீளாமல் புள்ளி புள்ளியாகச் சிதறும். 103 என்று எழுதியதைப் போட்டால் வேகம் இன்னும் பத்து மடங்கு. ஒரு பியெசோ தகட்டைக் கலெக்டருக்கும் எதிர்முனைக்கும் இடையே மாட்டினால் கீச்சென்று ஒலி கேட்கும்.

கடைசியாக, 10 மைக்ரோ ஃபாரட்டுகளைத் திரும்ப மாட்டிவிட்டு, இடது பக்கத்து 47 கிலோ ஓமின் இடத்தில் வெளிச்சத்துக்கேற்ப மின்தடை மாறும் எல்டிஆர் ஒன்றை, 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடரிணைப்பில் வையுங்கள். அதன் மேல் கையைக் கவித்து நிழல் போட்டால், ஒரு விளக்கு மட்டும் கூடுதல் நேரம் எரியும். எந்த விளக்கு என்று செய்து பார்க்கும் முன்பே சொல்ல முடியும். இடது ரெசிஸ்டர் தீர்மானிப்பது இடது பக்கம் எவ்வளவு நேரம் மூடியிருக்கும் என்பதை. அதனால் நீண்ட நேரம் எரிவது வலது விளக்கு.